பிட்சர்களை எதை வைத்து எடைபோடுவது? 2026 மார்ச் 8 டிராஃப்ட்

எடிசன்காரன் | பிப்ரவரி 27, இரவு 10:40

அலுவலக ஃபேன்டசி பேஸ்பால் லீகில் இது எனக்கு இரண்டாவது ஆண்டு. நிஜ வீரர்களை டிராஃப்டில் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய நிஜ ஆட்ட எண்களை வைத்துப் புள்ளி வாங்கும் விளையாட்டு. பன்னிரண்டு அணிகள், வழக்கமான ரோட்டிசரி முறை, அதாவது ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்திப் புள்ளி கொடுப்பது. பேட்டிங்கில் ஐந்து பிரிவுகள். பிட்சிங்கில் (பந்து எறிவதில்) வெற்றி, சேவ் (கடைசியில் வந்து முன்னிலையைக் காப்பாற்றுவது), ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), இ.ஆர்.ஏ. (ஓட்டம் கொடுக்கும் விகிதம், குறைந்தால் நல்லது), விப் (ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஹிட்டும், நான்கு தவறான பந்தால் தளம் ஏற்றும் வாக்கும்) என்று ஐந்து. பதினான்கு பேட்டர்கள், ஒன்பது பிட்சர்கள். போன ஆண்டு பதினோராம் இடம் பிடித்தேன். பன்னிரண்டாம் இடத்துக்காரர் ஜூன் மாதத்துக்குப் பிறகு தன் அணியைத் திறந்தே பார்க்கவில்லை. ஆகவே உண்மையில் நான்தான் கடைசி.

பேட்டிங்கில் எப்படியோ நடுவில் நின்றேன். கவிழ்த்தது பிட்சிங். முந்தைய ஆண்டின் இ.ஆர்.ஏ. பட்டியலை அச்செடுத்து, மேலிருந்து கீழாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பட்டியலுக்கு வெளியே இரண்டு பேரை மட்டும் "புத்திசாலித்தனமாக" எடுத்தேன். ஒருவர் சாண்டி அல்கான்டாரா. 2022-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர், முழங்கை அறுவை முடிந்து திரும்புகிறார், எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே எடுத்தேன். சீசன் முடிவில் அவருடைய இ.ஆர்.ஏ. 5.36. இன்னொருவர் ரோகி சசாகி. இருபது வயதில் ஜப்பானில் 19 ஸ்ட்ரைக் அவுட்டோடு ஒரு பேட்டரைக்கூடத் தளத்தில் ஏறவிடாமல் முழு ஆட்டத்தையும் முடித்தவர். மே மாதத்தில் தோள் பிரச்சினையோடு காயமடைந்தோர் பட்டியலுக்குப் போய்விட்டார்.

கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளரை ஐந்து ஓவர் பார்த்தால் ஆள் எப்படி என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இங்கே எண்கள் கொட்டிக் கிடக்கின்றன, எதை நம்புவது என்றுதான் தெரியவில்லை. டிராஃப்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உதவுங்கள்.

---

திண்ணை | பிப்ரவரி 27, இரவு 10:52

இ.ஆர்.ஏ. பட்டியலை அச்செடுத்தீர்களா? அந்தக் காகிதத்துக்காவது இரக்கம் காட்டியிருக்கலாம்.

---

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 27, இரவு 11:35

தம்பி, திண்ணை சொல்வதைப் பொருட்படுத்தாதீர்கள். அவரும் முதல் ஆண்டில் அதையேதான் செய்தார், அச்சுப்பொறி மட்டும் இல்லை.

இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, ஃபீல்டிங் பிழையால் வந்தவை போக எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்ற கணக்கு. ஆனால் அது பிட்சர் ஒருவரின் கணக்கு அல்ல, கூட்டுக் குடும்பக் கணக்கு. உள்களத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எட்டிப் பிடித்தாரா, வெளிக்களத்தில் நின்றவர் சரியாக ஓடினாரா, தளத்தில் இருவரை விட்டுவிட்டு இவர் இறங்கியபின் உள்ளே வந்தவர் அவர்களைக் காப்பாற்றினாரா, எல்லாமே அதில் கலந்திருக்கின்றன. 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் என்பவர் ஒன்றைச் சொன்னார். பேட்டில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட்டாக மாறி பேட்டர் தளம் ஏறுவதா, அவுட்டாக மாறுவதா என்பதில் பிட்சரின் பிடி நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார். அப்போது பலர் அடிக்கப் போனார்கள். பிறகு அந்தக் கருத்தில் சில திருத்தங்கள் வந்தன, அடிப்படை நிலைத்துவிட்டது. அப்படி உள்ளே விழும் பந்துகளில் சுமார் பத்துக்கு மூன்று ஹிட்டாகும். ஒரு பிட்சருக்கு ஓர் ஆண்டு அது இரண்டரையாக இறங்கினால் அவர் மேதையாகத் தெரிவார். மறு ஆண்டு மூன்றுக்கே திரும்பும். அப்போது அவரை வைத்திருப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

பிட்சரின் கையில் நேரடியாக இருப்பவை மூன்று: ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன். இதிலும் ஹோம் ரன் ஆண்டுக்கு ஆண்டு ஆடும். மிச்சம் இரண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள், அவ்வளவுதான். நூறு பேட்டர்களில் சராசரி பிட்சர் சுமார் 22 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்கிறார், எட்டுப் பேருக்கு வாக் கொடுக்கிறார். வித்தியாசம் 14. இருபதைத் தாண்டினால் நல்ல சரக்கு. டெட்ராய்டின் டாரிக் ஸ்கூபல் 2025-இல் 241 ஸ்ட்ரைக் அவுட், 33 வாக். அவருக்கு அந்த வித்தியாசம் 28-ஐ ஒட்டி வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பாருங்கள். 2023. பிளேக் ஸ்னெல் 180 இன்னிங்ஸ், 234 ஸ்ட்ரைக் அவுட், 99 வாக், இ.ஆர்.ஏ. 2.25. சை யங் விருது அவருக்குத்தான். அதே ஆண்டு சியாட்டிலின் ஜார்ஜ் கிர்பி 190 இன்னிங்ஸுக்குக் கொஞ்சம் மேல், 172 ஸ்ட்ரைக் அவுட், வாக் வெறும் 19, இ.ஆர்.ஏ. 3.35. கழித்துப் பார்த்தால் ஸ்னெலுக்கு 135, கிர்பிக்கு 153. ஒன்பது இன்னிங்ஸுக்கு என்று மாற்றினாலும் 6.75-க்கு எதிராக 7.2. விருது மேடையில் நின்றவரைவிட, நிற்காதவர் கை ஒரு படி மேலே இருக்கிறது. ஸ்னெல் தளத்தில் ஏற்றிய ஆட்களில் சுமார் 87 சதவீதம் பேர் ஓட்டம் எடுக்காமலே நின்றுபோனார்கள். சாதாரணமாக அது 72-ஐச் சுற்றி இருக்கும். அந்தப் பதினைந்து புள்ளிகளைத்தான் நீங்கள் மறு ஆண்டு டிராஃப்டில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

---

பாஸ்டன்மாமி | பிப்ரவரி 28, காலை 6:15

காலைக் காபியோடு இதைப் படித்ததில் காபி ஆறிப்போய்விட்டது. கணக்குப்பிள்ளை சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2024-இல் இதே கழித்தல் கணக்கைப் போட்டு, ஸ்னெல் விழுவார் என்று ஊரெல்லாம் சொன்னேன். அப்புறம் அவர் மலிவாகக் கிடைக்கவும் ஆசை விடவில்லை, எடுத்துவிட்டேன். அவர் சான் பிரான்சிஸ்கோவில் ஒப்பந்தம் போட்டதே மார்ச் பின்பாதியில். பயிற்சி முகாம் இல்லாமல் நேராக வந்தார். முதல் ஆறு ஆட்டங்களில் இ.ஆர்.ஏ. 9.51. ஜூனில் தூக்கி எறிந்தேன். எடுத்துக்கொண்டவர் என் மாப்பிள்ளை. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சின்சினாட்டிக்கு எதிராக ஸ்னெல் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் வீசினார். அன்று இரவு மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு, "சும்மாதான் கூப்பிட்டேன் அத்தை" என்றார். மகளின் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

கழித்தல் கணக்கில் தங்கமான கிர்பி? 2025-இல் தோள் வீக்கத்தோடு தாமதமாக வந்து 4.21. எண் பொய் சொல்லவில்லை, தோள்தான் சொல்லிவிட்டது.

ஆகவே எடிசன் தம்பி, கழித்தல் கணக்கு கையின் திறமையைச் சொல்லும். கை எத்தனை நாள் உடம்போடு ஒட்டியிருக்கும் என்று சொல்லாது. 2025-இல் 200 இன்னிங்ஸ் தொட்டவர்கள் மூன்றே பேர்: லோகன் வெப், கிறிஸ்டோபர் சான்செஸ், எங்கள் காரெட் குரோஷே. முப்பது அணிகளிலும் சேர்த்து மூன்று பேர்!

---

டெட்ராய்ட்வாசி | பிப்ரவரி 28, காலை 8:02

"எங்கள்" குரோஷேயா மாமி? வாங்கி ஓர் ஆண்டுதான் ஆகிறது.

---

பாஸ்டன்மாமி | பிப்ரவரி 28, காலை 8:05

வீட்டுக்கு வந்த மருமகளை எத்தனை நாள் கழித்து "எங்கள் பெண்" என்று சொல்வீர்கள்?

---

எடிசன்காரன் | பிப்ரவரி 28, காலை 9:20

கணக்குப்பிள்ளை ஐயா, மாமி, இருவருக்கும் நன்றி. நேற்று இரவே ஒரு தாளில் நாற்பது பேருக்குக் கழித்துப் பார்த்தேன். போன ஆண்டு நான் எடுத்தவர்களில் ஐந்து பேர் இருபதாம் இடத்துக்குக் கீழே இருக்கிறார்கள். அது ஒரு வகையில் ஆறுதல், குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

மூன்று சந்தேகங்கள். வெற்றி என்ற பிரிவை எப்படிப் பார்ப்பது? குளோசர்களை, அதாவது கடைசி இன்னிங்ஸில் வந்து சேவ் எடுக்கும் பிட்சர்களை, எப்போது எடுப்பது? கெரிட் கோல் மாதிரி அறுவை முடிந்து திரும்புகிறவர்களைத் தொடலாமா?

---

டெட்ராய்ட்வாசி | பிப்ரவரி 28, காலை 10:10

வெற்றியைப் பற்றி நான் சொல்கிறேன். அது பிட்சருக்குக் கிடைக்கும் கூலி அல்ல, கோயில் பிரசாதம். வரிசையில் நின்றால் கிடைக்கலாம், தீர்ந்தும் போகலாம்.

2018-இல் நியூயார்க் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் 1.70 இ.ஆர்.ஏ. வைத்திருந்தார். வெற்றி 10, தோல்வி 9. அப்படியும் சை யங் விருது கொடுத்தார்கள். பால் ஸ்கீன்ஸ் 2025-இல் 1.97, 216 ஸ்ட்ரைக் அவுட், தேசிய லீகில் ஒருமனதாக விருது. வெற்றி 10, தோல்வி 10. பிட்ஸ்பர்க் பேட்டர்கள் அவர் வீசும் நாளில் விரதம் இருப்பார்கள் போலும். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமா? மாமியின் மருமகளையே பாருங்கள். 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸில் 6 வெற்றி, 12 தோல்வி. அந்த அணி அந்த ஆண்டு 121 ஆட்டங்களில் தோற்றது. பாஸ்டனுக்கு வந்ததும் 2025-இல் 18 வெற்றி, 5 தோல்வி. அவர் முன்னேறியதும் உண்மை, அவருக்குப் பின்னால் ஓட்டம் எடுக்க ஆள் இருந்ததும் உண்மை.

அதனால் வெற்றியைத் துரத்தாதீர்கள், ஆனால் ஒரே தரத்தில் இருவர் இருந்தால் பேட்டிங் பலமான அணிக்காரரை எடுங்கள். தொடக்க பிட்சருக்கு வெற்றி கிடைக்கக் குறைந்தது ஐந்து இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். இங்கேதான் வாக் கொடுப்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பேட்டருக்கும் ஆறேழு பந்து செலவழித்தால் நான்காம் இன்னிங்ஸ் முடியும்போதே தொண்ணூறு பந்து ஆகிவிடும். மேலாளர் படியேறி வந்து கையை நீட்டுவார், இவர் பந்தைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்து போவார். ஐந்துக்கு ஒன்று முன்னிலையில் இருந்தாலும் வெற்றி வேறு யாருக்கோ.

ஸ்கூபல் விஷயத்தில் நான் சாட்சி. 2022-இல் முன்கைத் தசைநாண் அறுவை, 2023 ஜூலையில்தான் திரும்பினார். எண்பது இன்னிங்ஸ்தான் வீசினார், ஆனால் அந்த எண்பதில் வாக் என்ற பேச்சே இல்லை. அந்தச் சிறிய சாளரத்தை நம்பியவர்களுக்கு 2024-இல் 18 வெற்றி, 2.39, 228 ஸ்ட்ரைக் அவுட் கிடைத்தது. இன்று அவரைப் பாராட்டுவது சுலபம், விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. என் கவனமெல்லாம் இன்று அந்தச் சாளரத்தில் நிற்பவர் யார் என்பதில்தான்.

---

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 28, பகல் 12:48

குளோசர் பற்றி. முதலில் ஒரு கணக்கு, ஏனென்றால் இங்கே எல்லோரும் ஏமாறும் இடம் இது.

உங்கள் மற்ற பிட்சர்கள் 900 இன்னிங்ஸில் 400 ஓட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.ஆர்.ஏ. சரியாக 4.00. இதோடு 60 இன்னிங்ஸில் 10 ஓட்டம் மட்டும் கொடுத்த அபாரமான குளோசரைச் சேர்க்கிறீர்கள். தனியாக அவருடைய இ.ஆர்.ஏ. 1.50. அணியின் எண் 3.84 ஆகிறது. அவருக்குப் பதிலாக 180 இன்னிங்ஸில் 60 ஓட்டம் கொடுத்த தொடக்க பிட்சரைச் சேர்த்தால்? அவருடைய இ.ஆர்.ஏ. 3.00 தான், அணியின் எண்ணோ 3.83. இரட்டிப்பு இ.ஆர்.ஏ. உள்ளவர் அதைவிட ஒரு துளி அதிகமாகவே உதவுகிறார். காரணம் அளவு. ஒரு சிட்டிகை பெருங்காயம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அண்டா சாம்பாரை ஓரளவுக்குத்தான் மாற்றும். ஸ்ட்ரைக் அவுட்டையும் சேர்த்தால் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே குளோசரை வாங்குவது சேவுக்காக மட்டும். அந்தப் பிரிவிலும் முதல் இடத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் என்பதை மறக்க வேண்டாம், அதை முழுதாகக் கைவிடுபவர்கள் ஒரு காலை மடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு பேர் போதும். நடுச் சுற்றுகளில் ஒருவர், பின்னால் ஒருவர். குளோசருக்கு எதிரி பேட்டர் அல்ல, சொந்த மேலாளர். மூன்று நாள் தொடர்ந்து சொதப்பினால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். அதனால் அவருக்கு அடுத்த நிலையில் யார் காத்திருக்கிறார் என்றும் பார்த்துவிடுங்கள்.

---

பாஸ்டன்மாமி | பிப்ரவரி 28, பிற்பகல் 3:30

குளோசர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2023 மார்ச் தொடக்கத்தில் எங்கள் டிராஃப்ட் முடிந்தது. முதல் குளோசராக எட்வின் டியாஸை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். மார்ச் 15 இரவு, நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக். மியாமியில் டொமினிகன் குடியரசை புவெர்ட்டோ ரிக்கோ வென்றது. கடைசி அவுட்டை எடுத்தவர் டியாஸ். எல்லோரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அந்தக் குதியில் அவருடைய முழங்கால் தசைநாண் கிழிந்தது. சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். அந்த சீசன் முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. பந்து வீசிக் காயம் பட்டாலும் பரவாயில்லை, ஜெயித்த சந்தோஷத்தில் பட்டார்!

இந்த ஆண்டும் மார்ச்சில் அதே போட்டி இருக்கிறது. ஸ்கூபல், ஸ்கீன்ஸ் இருவரும் அமெரிக்க அணிக்கு. உங்கள் டிராஃப்ட் மார்ச் 8, போட்டியோ 17 வரை நடக்கும். நடுவில் டிராஃப்ட் வைத்த மகானுபாவர் யார்?

---

எடிசன்காரன் | பிப்ரவரி 28, பிற்பகல் 3:41

என் மேலதிகாரி. அவரே லீகின் தலைவர். அவரிடம் தேதியை மாற்றச் சொல்லும் துணிவு எனக்கு ஆண்டு மதிப்பீடு முடியும்வரை வராது.

---

வளைபந்து | பிப்ரவரி 28, மாலை 6:20

யாரும் மைதானத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் டென்வரில் இருக்கிறேன், எனக்குத்தான் அந்த வலி தெரியும். எங்கள் கொலராடோ அணியின் மைதானமான கூர்ஸ் ஃபீல்ட் கடல்மட்டத்திலிருந்து சுமார் ஒரு மைல் உயரம். காற்று அடர்த்தி குறைவு. அடித்த பந்து தூரம் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசம், எறிந்த பந்து வளையாது. பந்தின் தையல் காற்றைப் பிடித்துத்தான் வளைவு உண்டாகிறது, பிடிக்கக் காற்று வேண்டாமா? 2002-இலிருந்து பந்துகளை ஈரப்பத அறையில் வைக்கிறார்கள். முன்பைவிடப் பரவாயில்லை, அவ்வளவுதான்.

சியாட்டில் இதற்கு நேர் எதிர். குளிர்ந்த, கனத்த கடல்காற்று. அங்குள்ள பிட்சர்களின் எண்களை கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள், ஆனால் எடுங்கள். ஃபேன்டசிக்கு உதவியது கையா காற்றா என்று யாரும் கேட்பதில்லை. கொலராடோ பிட்சர்களைப் பற்றி: எடுக்காதீர்கள். சொந்த ஊர்க்காரன் சொல்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை | பிப்ரவரி 28, இரவு 9:15

மூன்றாவது சந்தேகம், கோல். 2025 மார்ச்சில் டாமி ஜான் அறுவை, அந்த சீசன் முழுதும் போனது. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முன்கைத் தசைநாணை எடுத்து முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாகக் கட்டினார். அவர் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை வீசினார். அன்று அதிசயம், இன்று பற்பிடுங்குவதுபோல் பேசுகிறோம். அந்தப் பேச்சுதான் ஆபத்து. அறுவைக்குப் பின் வேகம் முதலில் வரும், பந்தைச் சொன்ன இடத்தில் போடும் துல்லியம் கடைசியில் வரும். உங்கள் அல்கான்டாராவுக்கு நடந்தது அதுதான் என்பது என் கணிப்பு. ஸ்பென்சர் ஸ்ட்ரைடருக்கு வேகமே முழுதாகத் திரும்பவில்லை. 2023-இல் 20 வெற்றி, 281 ஸ்ட்ரைக் அவுட். 2024-இல் இரண்டு ஆட்டத்தோடு அறுவை. 2025-இல் 7 வெற்றி, 14 தோல்வி, 4.45.

இன்னொரு பக்கம் கிறிஸ் சேல். 2020-இல் அறுவை, பிறகு விலா எலும்பு, விரல், மணிக்கட்டு என்று நான்கு ஆண்டுகள் மருத்துவமனைச் சுற்றுலா. அட்லாண்டாவுக்கு வந்த 2024-இல் 18 வெற்றி, 2.38, 225 ஸ்ட்ரைக் அவுட், சை யங். ஆகவே விதி இல்லை, விலை மட்டுமே இருக்கிறது. சேல் அந்த ஆண்டு மலிவு. விழுந்தாலும் உங்களுக்கு நட்டம் சிறியது. கோலைப் பெயருக்காக ஏழாம் சுற்றில் எடுத்தால் பேராசை, பதினேழில் எடுத்தால் சூதானம். உங்கள் லீகில் காயமடைந்தோருக்குத் தனி இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மே வரை ஒரு நாற்காலியைக் காலியாக வைத்துச் சாப்பாடு போட வேண்டியிருக்கும்.

முதல் பிட்சரை இரண்டாம், மூன்றாம் சுற்றுக்குள் எடுங்கள். பிறகு ஆறாம் சுற்று வரை பேட்டர்கள். பேட்டர்கள் இவ்வளவு உடைவதில்லை. அதன் பிறகு உங்கள் கழித்தல் தாள்.

---

திண்ணை | மார்ச் 1, காலை 7:30

இத்தனை கணக்குக்கும் வேர், 1980-இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கூடிப் போட்ட விளையாட்டு. உணவகத்தின் பெயர் லா ரோட்டிசரி ஃபிரான்சேஸ், அதனால்தான் ரோட்டிசரி. விப் என்ற எண்ணும் ஓக்ரென்ட் கைவண்ணமே. அவர்கள் சரவணபவன் போன்ற இடத்தில் கூடியிருந்தால் இன்று நாம் "நெய்ரோஸ்ட் லீக்" ஆடிக்கொண்டிருப்போம்.

---

பாஸ்டன்மாமி | மார்ச் 1, காலை 7:44

திண்ணை ஒருவழியாக உபயோகமான ஒன்றைச் சொல்லிவிட்டார். நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடிசன் தம்பி, பயிற்சி ஆட்டங்களின் இ.ஆர்.ஏ.-யைப் பார்த்து எதையும் மாற்றாதீர்கள். அங்கே பாதிப் பேர் புதுப் பந்தைச் சோதித்துக்கொண்டிருப்பார்கள், அடி வாங்குவார்கள். வேகம் போன ஆண்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். 2024 மார்ச்சில் குரோஷேயை நான் கடைசிச் சுற்றில் எடுத்தது அப்படித்தான். பெரிய லீகில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடங்கி வைக்காதவரைச் சிகாகோ சீசனின் முதல் நாள் ஆட்டத்துக்கு நிறுத்தியது. பந்தின் வேகத்தைப் பார்த்தேன், எடுத்தேன். 209 ஸ்ட்ரைக் அவுட். ஆறு வெற்றிதான், போகட்டும்.

---

எடிசன்காரன் | மார்ச் 8, இரவு 11:58

டிராஃப்ட் முடிந்தது. கை இன்னும் நடுங்குகிறது.

தேர்வு வரிசையில் எனக்கு ஒன்பதாம் இடம். ஸ்கூபல், ஸ்கீன்ஸ் இருவரும் எனக்கு முன்பே போய்விட்டார்கள். ஸ்கீன்ஸை எடுத்தவர் மேலதிகாரி. எடுத்துவிட்டு, "இந்த ஆண்டு இருபது வெற்றி" என்றார். பிட்ஸ்பர்க் விரதக் கதையைச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாம் சுற்றில் சான்செஸ். பிறகு ஐயா சொன்னபடி ஆறாம் சுற்று வரை பேட்டர்கள் மட்டும். எட்டாம் சுற்றில் கிர்பி. பக்கத்தில் இருந்தவர் "தோள்?" என்று கேட்டார். தாளைக் காட்டினேன், அவருக்குப் புரியவில்லை, சந்தோஷமாக இருந்தது. கோலைப் பதினான்காம் சுற்றிலேயே வேறொருவர் கொண்டுபோய்விட்டார். அல்கான்டாரா இருபதாம் சுற்றிலும் மிச்சம் இருந்தார். எடுத்துவிட்டேன். திட்டாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 9, காலை 6:05

இருபதாம் சுற்றில் திட்ட ஒன்றுமில்லை. குளோசர்கள் யார் யார்?

---

எடிசன்காரன் | மார்ச் 9, காலை 6:40

ஒருவர் இருக்கிறார்.

---

கணக்குப்பிள்ளை | மார்ச் 9, காலை 6:41

இன்னொருவர்?

---

எடிசன்காரன் | மார்ச் 9, காலை 7:15

தாளில் கழித்தல் கணக்குக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருந்தேன் ஐயா. சேவுக்குக் கட்டம் போட மறந்துவிட்டேன்.